பனி விழுமுன் விற்கப்படும் மலை

கொலராடோ மாநிலத்தின் வெய்ல் மலையில் ஒரே ஒரு நாள் பனிச்சறுக்கு ஆட, 2025-26 பருவத்தின் நெரிசலான நாட்களில் சீட்டு விலை 350 டாலரைத் தாண்டியது. அதே மலையிலும், அதே நிறுவனத்துக்குச் சொந்தமான நாற்பதுக்கும் மேற்பட்ட மற்ற மலைகளிலும் குளிர்காலம் முழுவதும் சறுக்க அனுமதி தரும் எபிக் பாஸ், அதற்கு முந்தைய வசந்த காலத்தில் 1,051 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மூன்று நாள் சீட்டுக்கு ஆகும் பணத்தில் ஒரு குளிர்காலமே கிடைத்தது. 2008இல் இந்தப் பாஸ் 579 டாலருக்கு அறிமுகமானபோது வெய்லின் நாள் சீட்டு சுமார் 100 டாலர். பாஸின் விலை அன்று ஆறு நாள் சீட்டுக்குச் சமமாக இருந்தது. பதினேழு ஆண்டுகளில் பாஸின் விலை இரட்டிப்பாகக்கூட ஆகவில்லை. நாள் சீட்டோ மூன்றரை மடங்காகிவிட்டது. பனிச்சறுக்கு மலிவாகிவிட்டது என்போரும், அது எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்போரும் ஆளுக்கொரு விலையைப் பார்த்துப் பேசுகிறார்கள். இரண்டு விலைகளையும் நிர்ணயிப்பது ஒரே கைதான். ஒரு விலையைத் தாங்குவதற்காகவே மற்றது வைக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்கப் பனிச்சறுக்கில் பெருநிறுவனத்தின் கை தொடக்கம் முதலே உண்டு. 1936இல் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலியைத் திறந்தது யூனியன் பசிபிக் ரயில்வே. மேற்கு நோக்கிச் செல்லும் ரயில்களுக்குப் பயணிகள் வேண்டும் என்பதற்காக அதன் தலைவர் ஆவரெல் ஹாரிமன் ஒரு மலையையே சுற்றுலாத் தலமாக்கினார். வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் இயந்திரத்தை மாதிரியாகக் கொண்டு அந்த ரயில்வேயின் பொறியாளர் ஜிம் கரன் வடிவமைத்ததுதான், சறுக்குவோரை நாற்காலியில் மேலேற்றும் உலகின் முதல் சேர்லிஃப்ட். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் எழுந்த மலைகளில் பெரும்பாலானவை தனிமனிதர்களின் ஆசையில் பிறந்தவை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய மலைகளில் போரிட்ட 10ஆவது மலைப் படைப்பிரிவின் வீரர்கள் ஊர் திரும்பியதும் மலை மலையாகத் தேடி அலைந்தார்கள். அவர்களில் ஒருவரான பீட் சீபர்ட், ஏர்ல் ஈட்டன் என்பவரோடு சேர்ந்து 1962 டிசம்பர் 15 அன்று வெய்லைத் திறந்தார். அன்று அங்கே கம்பிவடத்தில் மூடிய பெட்டிகள் ஓடும் ஒரு கோண்டோலாவும் இரண்டு சேர்லிஃப்டுகளும் இருந்தன. நாள் சீட்டின் விலை 5 டாலர்.

இந்த மலைகளுள் பலவற்றின் சரிவுகள் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானவை அல்ல. வெய்லின் சரிவுகள் ஒயிட் ரிவர் தேசியக் காட்டுக்குள் இருக்கின்றன. அமெரிக்க வனத்துறையின் நிலத்தில் 120க்கும் மேற்பட்ட பனிச்சறுக்கு மையங்கள் அனுமதிப் பத்திரத்தின் பேரில் நடக்கின்றன. லிஃப்டும் கட்டடமும் நிறுவனத்தின் முதலீடு, நிலம் மக்களுடையது. வருமானத்தில் ஒரு சிறு பங்கு கட்டணமாக அரசுக்குப் போகிறது. மலைகள் கைமாறிய கதையில் கவனிக்காமல் விடப்படும் உண்மை இது. இந்த உரையின் பிற்பகுதிக்கு அது வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 700க்கும் மேற்பட்ட பனிச்சறுக்கு மையங்கள் இயங்கின. இன்று 500க்கும் குறைவு. மூடியவற்றில் மிகுதி, ஊருக்குப் பக்கத்தில் கயிறு பிடித்து ஏறும் வசதியோ ஓரிரு லிஃப்டுகளோ வைத்திருந்த குன்றுகள். காப்பீட்டுச் செலவு ஏறியது. செயற்கைப் பனி தயாரிக்கும் குழாய்களும் பம்புகளும் பெரும் முதலீடு கேட்டன. 1981இல் பிரெக்கென்ரிட்ஜில் வந்த விரைவு நால்வர் லிஃப்ட், சறுக்குவோரின் எதிர்பார்ப்பையே மாற்றிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் பனி. கிறிஸ்துமஸ் வாரத்தில் பனி இல்லையென்றால் ஒரு சிறிய மையத்தின் ஆண்டுக் கணக்கே கவிழ்ந்துவிடும். வசந்தத்தில் வங்கியிடம் கடன் நீட்டிப்புக் கேட்டு நிற்பது பல உரிமையாளர்களுக்கு வழக்கமாக இருந்தது. இந்தத் தொழிலின் எல்லா மாற்றங்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது: விற்கப்படும் பொருளை வானம் தர வேண்டும்.

1985இல் வெய்லை வாங்கிய ஜார்ஜ் கில்லெட் தன் பிற தொழில்களுக்காக வாங்கிய கடனில் மூழ்கினார். அவருடைய நிறுவனம் 1991இல் திவாலாக, மலை அப்பல்லோ என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1997இல் வெய்ல், கால்நடைத் தீவனத்துக்குப் பேர்பெற்ற ரால்ஸ்டன் பியூரினாவிலிருந்து பிரிந்த ரால்கார்ப் நிறுவனத்திடமிருந்து பிரெக்கென்ரிட்ஜையும் கீஸ்டோனையும் வாங்கியது; அதே ஆண்டு பங்குச் சந்தையிலும் நுழைந்தது. டென்வர் நகரத்துச் சறுக்குவோருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மலைகள் ஒரே கையில் சேர்கின்றன என்று மத்திய நீதித்துறை தலையிட்டது. ரால்கார்ப்பின் மூன்றாவது மலையான அராப்பஹோ பேசினை வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்த இணைப்பு நடந்தது. பின்னர் நடந்த இணைப்புகளோடு ஒப்பிட்டால் அன்றைய அரசின் கண் கூர்மையாகவே இருந்திருக்கிறது. அதே காலத்தில் கிழக்கே லெஸ் ஆட்டனின் அமெரிக்கன் ஸ்கீயிங் கம்பெனி மலைகளை வாங்கிக் குவித்தது. மலையடியில் வீடு கட்டி விற்கும் லாபத்தை நம்பி வளர்ந்த அந்த நிறுவனம் கடன் தாங்காமல் ஒவ்வொன்றாக விற்று 2007இல் கலைந்துபோனது. மலைகளைச் சேர்ப்பதால் மட்டும் பிழைக்க முடியாது, பனியை நம்பாத வருமானம் வேண்டும் என்ற பாடத்தை அந்த வீழ்ச்சி விட்டுச் சென்றது.

அந்த வருமானத்துக்கான வழியைக் கண்டது பெருநிறுவனம் அல்ல. ஐடஹோவின் பாய்சி நகருக்கு மேலே, லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நடத்தும் போகஸ் பேசின் என்ற மலை, 1998இல் தன் சீசன் பாஸை 199 டாலராகக் குறைத்தது. ஊர் மக்கள் திரண்டு வந்து சுமார் 25,000 பாஸ்கள் வாங்கினார்கள். கணக்கு எளிது. லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டால் அதில் இன்னொருவர் ஏறுவதால் செலவு ஏறுவதில்லை. பாஸ் வாங்கியவர் உணவுக்கும் வாடகைச் சாதனத்துக்கும் பிள்ளைகளின் பயிற்சிக்கும் பணம் தருவார். எல்லாவற்றையும்விட, பணம் பனிக்கு முன்பே பெட்டிக்கு வந்துவிடும். அதே ஆண்டு கொலராடோவில் வின்டர் பார்க், நால்வர் சேர்ந்து வாங்கினால் 800 டாலர் என்று பாஸ் விற்றது. வெய்ல் நிறுவனமும் பிரெக்கென்ரிட்ஜ், கீஸ்டோன் பாஸின் விலையை இறக்கிப் பதிலடி கொடுத்தது. டென்வர் மக்களுக்கு அது பொற்காலம். அந்தப் போட்டியால் விலை இறங்கியபோது மலைகள் பல கைகளில் இருந்தன என்பது நினைவில் இருக்க வேண்டும்.

2006இல் வெய்ல் ரிசார்ட்ஸின் தலைமைக்கு வந்த ராப் கேட்ஸ் இந்தக் கணக்கை நாடு முழுதுக்கும் விரித்தார். 2008 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட எபிக் பாஸ், உள்ளூர்க்காரருக்கு மட்டும் இருந்த சலுகையை வெளியூர்ப் பயணிக்கும் தந்தது. அதன் நுட்பம் விலையைவிட விற்கும் காலத்தில் இருந்தது. பனி உருகும் வசந்தத்திலேயே அடுத்த குளிர்காலத்துக்கான பாஸ் விற்பனைக்கு வருகிறது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கெடு வைத்து விலை படிப்படியாக ஏற்றப்படுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் விற்பனை நின்றுவிடும். அதற்குப் பிறகு வருபவருக்கு நாள் சீட்டுதான். அது 350 டாலரைத் தாண்டியதற்குக் காரணம் அந்த விலைக்கு நிறையப் பேர் வாங்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு அல்ல. அந்த எண்ணைப் பார்ப்பவர் அடுத்த ஆண்டாவது மே மாதத்திலேயே பாஸ் வாங்கிவிட வேண்டும், அதுதான் நோக்கம். நாள் சீட்டு, விற்கும் பொருள் என்ற நிலையிலிருந்து பாஸுக்கான விளம்பரமாக மாறிவிட்டது.

இதனால் நடந்த அடிப்படை மாற்றம், வானத்தின் ஆபத்து கைமாறியதுதான். முன்பு பனி பெய்யாவிட்டால் நட்டம் மலை உரிமையாளருக்கு. சறுக்குபவர் வீட்டில் இருந்துகொள்வார், அவர் பணம் அவர் பையில் இருக்கும். இப்போது பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும், பாதி லிஃப்டுகள் ஓடாவிட்டாலும், பணம் எட்டு மாதங்களுக்கு முன்பே கைமாறிவிட்டது. காயம், வேலை இழப்பு போன்றவற்றுக்கும் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் மலை மூடப்படும் சில சூழ்நிலைகளுக்கும் பணம் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பனி குறைவான பருவம் அதில் சேராது. மலிவு விலை என்பது இந்த ஆபத்தைத் தோளில் ஏற்றிக்கொள்வதற்காகச் சறுக்குவோருக்குத் தரப்படும் கூலி. நிறைய நாட்கள் மலைக்குப் போகும் ஒருவருக்கு அந்தக் கூலி தாராளமானது. ஆண்டுக்கு இருபது நாள் சறுக்கும் டென்வர் ஆசிரியருக்கோ தச்சருக்கோ நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது டாலரில் அடங்கிவிடும் இந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளுக்கு முன் கனவிலும் கிடைத்திருக்காது. இந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

முன்கூட்டி வரும் பணம் மலைகளை வாங்க உதவியது. வாங்கிய ஒவ்வொரு மலையும் பாஸின் கவர்ச்சியைக் கூட்டியது. 2012இல் மினசோட்டாவின் ஆஃப்டன் ஆல்ப்ஸையும் மிச்சிகனின் மவுண்ட் பிரைட்டனையும் வெய்ல் வாங்கியபோது பலர் வியந்தார்கள். அவை சில நூறு அடி உயரமே உள்ள குன்றுகள். ஆனால் மினியாபொலிஸ், டெட்ராய்ட் நகரங்களின் குழந்தைகள் அங்கேதான் சறுக்கக் கற்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் கையில் எபிக் பாஸ் இருந்தால், விடுமுறைக்கு அவர்கள் போகும் மலையும் வெய்லின் மலையாகத்தான் இருக்கும். 2016இல் கனடாவின் விஸ்லர் பிளாக்கோம், 2017இல் வெர்மான்ட்டின் ஸ்டோ, 2019இல் பீக் ரிசார்ட்ஸின் 17 சிறு மலைகள், ஆஸ்திரேலியாவில் மூன்று, சுவிட்சர்லாந்தில் இரண்டு என்று பட்டியல் நீண்டது. ஒரு பகுதியில் பனி பொய்த்தால் இன்னொரு பகுதி ஈடுகட்டும்.

இவற்றுள் யூட்டாவின் பார்க் சிட்டி கைமாறிய விதம் தனியாகச் சொல்லத் தக்கது. அந்த மலையை நடத்திய பவுடர் நிறுவனம் மேல் சரிவுகளை ஆண்டுக்குச் சுமார் 1,55,000 டாலர் வாடகைக்கு வைத்திருந்தது. 2011இல் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதம் கெடு தாண்டிச் சில நாட்கள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. நில உரிமையாளர் குத்தகை முடிந்துவிட்டது என்றார். 2013இல் வெய்ல் அந்த நில உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பக்கத்து மலையான கேன்யன்ஸில் கால் வைத்தது. வழக்கு நீண்டு, 2014இல் பவுடர் தன்னிடம் மிஞ்சியிருந்த அடிவாரத்தை வெய்லுக்கே 18.25 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. அடுத்த ஆண்டு இரு மலைகளையும் ஒரு கோண்டோலா இணைத்தது. 7,300 ஏக்கர் பரப்புள்ள மையம் உருவாயிற்று. தேதி தவறிய ஒரு கடிதம் ஒரு நகரத்தின் மலையை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது.

வெய்லுக்கு எதிராக 2017இல் எழுந்தது ஆல்டெரா. கே.எஸ்.எல். முதலீட்டு நிறுவனமும் ஆஸ்பென் மலைகளின் உரிமையாளரான கிரவுன் குடும்பத்தின் நிறுவனமும் சேர்ந்து இன்ட்ராவெஸ்ட், மாமத் முதலிய மலைக் குழுமங்களை வாங்கின. 2018இல் வந்த ஐகான் பாஸ், சொந்த மலைகளோடு ஜாக்சன் ஹோல், ஆல்டா போன்ற பங்காளி மலைகளில் குறிப்பிட்ட சில நாட்களையும் தந்தது. இரண்டு பாஸ்களுக்கிடையே போட்டி இருப்பது உண்மை. ஆனால் முன்பு இருபது மலைகள் தனித்தனியே விலை சொன்ன இடத்தில் இப்போது இரண்டு அலுவலகங்கள் விலை சொல்கின்றன.

மலிவுப் பாஸின் விளைவு முதலில் தெரிவது சாலையில். மலைக்குப் போவதற்கு அன்றைக்கென்று எதுவும் செலவில்லை என்றால், பனி நன்றாகப் பெய்த சனிக்கிழமை காலையில் எல்லோரும் கிளம்புகிறார்கள். டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலையும் யூட்டாவின் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்குச் சாலையும் மணிக்கணக்கில் உறைந்து நிற்கின்றன. ஆல்டா தன் வாகன நிறுத்துமிடத்துக்கு முன்பதிவு முறையைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2021இல் வெய்ல் எபிக் பாஸின் விலையை 979 டாலரிலிருந்து 783 ஆகக் குறைத்தது. முந்தைய ஆண்டு 14 லட்சமாக இருந்த பாஸ் விற்பனை 21 லட்சமாக எகிறியது. அதே குளிர்காலத்தில் பணியாளர் பஞ்சம். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் மலையில் சரிவுகளில் கணிசமான பகுதி திறக்கப்படவே இல்லை; கோபம் கொண்ட சறுக்குவோர் 40,000க்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால், வராமல் இருப்பது என்ற நுகர்வோரின் பழைய ஆயுதம் அவர்களிடம் இல்லை. மனுதான் மிஞ்சியது.

நிறுவனம் இதற்கு லிஃப்டுகளால் பதில் சொன்னது. 2022க்கென 32 கோடி டாலர் செலவில் புதிய விரைவு லிஃப்டுகள் திட்டமிடப்பட்டன. அது பொருட்படுத்தத் தக்க முதலீடு. தனித்து நிற்கும் சிறிய மலையால் நினைத்தும் பார்க்க முடியாதது. ஆனால் லிஃப்ட் வரிசையைக் குறைப்பது நெரிசலைக் குறைப்பதாகாது. வரிசையில் நிற்கும் கூட்டம் சரிவுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பார்க் சிட்டியில் குடியிருப்போர் நகரத்தின் திட்டக் குழுவிடம் முறையிட்டு இரண்டு லிஃப்டுகளுக்கான அனுமதியையே நிறுத்திவிட்டார்கள். தருவிக்கப்பட்ட லிஃப்டுகள் கனடாவின் விஸ்லருக்கு அனுப்பப்பட்டன.

நெரிசலுக்கு வேறொரு பதிலும் உண்டு என்று காட்டியது 1997இல் பிரித்து விற்கப்பட்ட அராப்பஹோ பேசின். வேறு உரிமையாளரிடம் போன பிறகும் அது இருபதாண்டுகளுக்கு மேல் வெய்லின் பாஸை ஏற்றுக்கொண்டிருந்தது. வாகன நிறுத்துமிடம் தாங்கவில்லை என்று சொல்லி 2019இல் எபிக் பாஸிலிருந்து விலகியது. ஐகான் பாஸில் வரம்புக்குட்பட்ட நாட்களோடு மட்டும் சேர்ந்தது. பிறகு தன் சொந்தப் பாஸ்களின் எண்ணிக்கைக்கும் ஒரு நாளில் விற்கும் சீட்டுகளுக்கும் உச்சவரம்பு வைத்தது. கூட்டம் குறைந்தும் தொழில் நடக்கும் என்பதற்கு அது கண்முன் இருந்த சான்று. 2024இல் அந்த மலையையும் ஆல்டெரா வாங்கிவிட்டது.

மலையில் வேலை செய்வோருக்குப் பாஸ் பணம் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விக்குப் பதில் வேலைநிறுத்தத்தில் தெரிந்தது. விடியுமுன் பனிச்சரிவு அபாயத்தை வெடிவைத்து நீக்கி, அடிபட்டவர்களைத் தூக்கி வருபவர்கள் ஸ்கி பேட்ரோல் பணியாளர்கள். பார்க் சிட்டியின் சுமார் 200 பேட்ரோல் பணியாளர்கள், தொடக்க ஊதியத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 ஆக உயர்த்தக் கேட்டு 2024 டிசம்பர் 27 அன்று வேலையை நிறுத்தினார்கள். வீட்டு வாடகை விண்ணைத் தொடும் ஊர் அது. ஆண்டின் மிக நெரிசலான வாரத்தில் மலையின் ஒரு சிறு பகுதி மட்டுமே திறந்திருக்க, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். ஜனவரி 8 அன்று 2 டாலர் உயர்வோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கேட்டது 2 டாலர், கொடுத்ததும் 2 டாலர். இடைப்பட்ட நாட்களில் நிறுவனத்தின் பெயருக்கு ஏற்பட்ட சேதத்தை எண்ணிப் பார்த்தால் அந்தப் பிடிவாதம் விளங்கிக்கொள்ள முடியாதது.

ஆனாலும் இந்த ஏற்பாட்டில் மிக அதிகம் இழப்பவர் வரிசையில் நிற்பவரல்ல, மலைக்கே வராதவர். பனிச்சறுக்கை ஒருமுறை முயன்று பார்க்க நினைக்கும் குடும்பத்துக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே அந்த நினைப்பு வந்திருக்காது. நண்பர் கூப்பிட்டதும் ஜனவரியில் கிளம்பும் அவர்களிடம்தான் உச்சவிலை கேட்கப்படுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்குச் சாதன வாடகையும் பயிற்சியும் சேர்த்தால் ஒரு நாள் ஆயிரம் டாலரை எளிதில் தாண்டும். 2022-23இல் அமெரிக்க மலைகளில் வருகைகள் 6.54 கோடியாகி வரலாறு காணாத உயரத்தைத் தொட்டன. ஆனால் வருகை என்பது தலைக்கணக்கு அல்ல. பாஸ் வைத்திருப்பவர் ஒருவரே இருபது முறை வந்தாலும் இருபது என்றே எண்ணப்படும். ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர் அடிக்கடி வர, தெரியாதவர் வாசலிலேயே திரும்பினால் அந்தத் தொழில் தன் எதிர்காலத்தை இன்றே விற்றுச் செலவழிக்கிறது என்றுதான் பொருள். பங்குச் சந்தையும் தாமதமாக இதை உணர்ந்தது. 2021இல் 350 டாலருக்கு மேல் விலைபோன வெய்ல் பங்கு 2025இல் 200க்குக் கீழே இருந்தது. அந்த ஆண்டு கேட்ஸ் மீண்டும் தலைமைக்கு அழைக்கப்பட்டார். பாஸ்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. பாஸ் வைத்திருப்போர் அழைத்து வரும் நண்பர்களுக்கு நாள் சீட்டைப் பாதி விலைக்குத் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

நிலம் மக்களுடையது என்ற உண்மை இங்கேதான் கனக்கிறது. தேசியக் காட்டில் நடப்பவருக்கும் முகாமிடுபவருக்கும் கட்டணம் இல்லை அல்லது சொற்பம். அதே காட்டின் ஒரு சரிவில் லிஃப்ட் ஏறச் சாதாரணக் குடும்பத்தின் ஒரு வாரச் சம்பளம் வேண்டும் என்றால், அனுமதிப் பத்திரம் தரும் அரசு நாள் சீட்டின் விலையைக் கேட்கும் உரிமை உடையது. அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டியது அரசின் கடமையும்கூட.

மாற்று வழிகள் உண்டு, சிறிய அளவில். வெர்மான்ட்டின் மேட் ரிவர் கிளென் 1995 முதல் சறுக்குவோரே பங்குதாரராக இருக்கும் கூட்டுறவு. ஒருவர் மட்டும் அமரும் பழைய லிஃப்டை மாற்றாமல் புதுப்பித்து ஓட்டுகிறது. சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே 2016இல் 222 ஃபிராங்குக்குப் பருவப் பாஸ் விற்று, பெருநிறுவனம் இல்லாமலும் முன்விற்பனை நடக்கும் என்று காட்டியது. 2019இல் டக் ஃபிஷ் 199 டாலருக்குத் தொடங்கிய இண்டி பாஸ், தனித்து நிற்கும் சிறு மலைகள் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு நாட்கள் தருகிறது. நாட்கள் குறைவு என்பதால் எந்த மலையும் மூழ்குவதில்லை. 2024இல் வெர்மான்ட்டின் மிகப் பெரிய மலையான கில்லிங்டனை உள்ளூர் முதலீட்டாளர்கள் பவுடர் நிறுவனத்திடமிருந்து மீட்டு வாங்கினார்கள். உரிமை ஊருக்குத் திரும்பியது. ஐகான் பாஸோடு இருந்த ஒப்பந்தத்தைப் புதிய உரிமையாளர்கள் விடவில்லை.